யானை மேல் துஞ்சிய இளவரசன்

ரோமானிய வாள்வீரர் படங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. குடும்பத்தைப் பறிகொடுத்த தளபதி அடிமையாவான். மணல் அரங்கில் வாளேந்துவான். கடைசிக் காட்சியில் சக்கரவர்த்தியையே சாய்த்துவிட்டுத்தான் சாவான். 2000-இல் வந்த ‘கிளாடியேட்டர்’ இதைச் சொல்லித்தான் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. வாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக்காரர்கள் இப்படியொரு கதைக்காக ரோமாபுரி வரை போக வேண்டாம். இளவரசன், தளபதி, யானை, தலைமுறை தாண்டிய வஞ்சம் எல்லாமே நம் பெண்ணையாற்றங்கரையில் உண்டு. முடிவை மட்டும் எந்தத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழைய கணக்கு

907-இல் பட்டமேறிய முதலாம் பராந்தக சோழன், தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே இராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனை வல்லத்தில் தோற்கடித்தான். வேலூருக்கு அருகே உள்ள இன்றைய திருவல்லம்தான் அது. அடுத்து வாணர்களின் நாட்டைப் பிடுங்கித் தனக்குத் துணைநின்ற கங்க மன்னனிடம் கொடுத்தான். நாடிழந்தவர்கள் வடக்கே போய் இராஷ்டிரகூடர்களிடம் அடைக்கலம் புகுந்தார்கள். 939-இல் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணன் பழைய தோல்வியையும் மறக்கவில்லை, புதிதாக வந்தவர்களின் முறையீட்டையும் தள்ளவில்லை. கல்வெட்டுகள் ‘கன்னரதேவன்’ என்று குறிப்பது இவனைத்தான்.

ஆபத்து வடக்கிலிருந்துதான் வரும் என்பது பராந்தகனுக்கும் தெரியும். மூத்த மகன் இராஜாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்திவைத்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூர், இளவரசன் பெயரால் இராஜாதித்தபுரம் ஆனது. வீராணம் ஏரியை வெட்டியதும் இந்தப் படைவீரர்கள்தான் என்பார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் அந்த ஏரிக்கரையில்தான். சண்டைக்காகக் கூட்டிய சேனை, சண்டை வரும்வரை நீரையும் கோயிலையும் கவனித்தது.

இளவரசனின் தாய் சேர நாட்டுக்காரி. படைத்தலைவன் வெள்ளன் குமரனும் கேரளத்துப் புத்தூரைச் சேர்ந்தவன். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணைக் கரையில் உள்ள கிராமம் என்னும் ஊரில், சிவனுக்குக் கற்றளி எடுத்து 943-இல் கல்வெட்டு வெட்டி வைத்தான். மன்னனின் ஆட்சியாண்டை எழுதியதோடு அவன் நிற்கவில்லை. கலியுகம் பிறந்து 14,77,037-ஆம் நாள் என்று நாள் கணக்கையே பொறித்தான். கணக்கில் இத்தனை கறாரான மனிதன், வாழ்வின் முக்கியமான ஒரு நாளைத் தவறவிடப் போகிறான்.

தக்கோலம்

949. அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் இரு படைகளும் மோதின. யானை மேலிருந்து போரிட்ட இராஜாதித்தன் அம்பு பட்டு, யானை முதுகிலேயே வீரசொர்க்கம் அடைந்தான் என்று சோழர் செப்பேடுகள் பெருமையோடு பேசுகின்றன. ‘ஆனைமேற்றுஞ்சினார்’ என்ற பெயர் அவனுக்கு அதனால்தான் வந்தது. கன்னடப் பக்கத்துச் சாட்சியம் வேறு மாதிரி. கொன்றவன் கிருஷ்ணனின் சகோதரியின் கணவன், கங்க மன்னன் பூதுகன். சண்டை நடந்த களமே யானையின் அம்பாரிதான் என்கிறது ஆதகூர்க் கல்வெட்டு. பரிசாகப் பூதுகனுக்கு வனவாசி 12,000 உள்ளிட்ட நாடுகள் கிடைத்தன.

அந்த ஆதகூர்க் கல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்று அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராஜாதித்தன் சாவைச் சொல்லும் கல்லின் தலைமாட்டில் யானையும் இல்லை, இளவரசனும் இல்லை. ஒரு நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப் புரள்கின்றன. பூதுகனின் வீரன் மணலேரன் போரில் காட்டிய துணிச்சலுக்கு, வேண்டியதைக் கேள் என்றார்கள். அவன் கேட்டது ‘காளி’ என்ற வேட்டைநாயை. ஆதகூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய பன்றி மேல் அதை ஏவினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. நாய்க்கு நடுகல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். சோழ நாட்டையே புரட்டிப்போட்ட சேதி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் பின்கதையாக வந்து நிற்கிறது.

பழிவாங்காத தளபதி

வெள்ளன் குமரன் அன்று களத்தில் இல்லை. சினிமாவாக இருந்தால் இடைவேளைக்குப் பிறகு அவன் வாளைத் தீட்டியிருப்பான். நடந்தது வேறு. தலைவனோடு சேர்ந்து சாக முடியாமல் போனதே என்று வெறுத்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூர் மடத்தில் துறவு பூண்டு சதுரானன பண்டிதன் ஆனான். அங்கே அவன் வைத்த அறக்கட்டளை கல்வெட்டில் இருக்கிறது. அது எந்த மன்னனின் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது? கன்னரதேவனின் 20-ஆம் ஆண்டில்! தன் இளவரசனைக் கொன்ற படைக்கு உடையவன் பெயரைத் தலைப்பில் போட்டுத்தான் தன் துக்கத்தையும் அவன் எழுதிக்கொண்டான்.

வாகூர் என்ன செய்தது?

வென்றவன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்று பட்டம் சூடினான். தொண்டை மண்டலம் கைமாறியது. வாகூர் மூலநாதர் கோயிலில் கன்னரதேவன் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உண்டு. பிறகு இராஜராஜன், இராஜேந்திரன் காலத்தவையும் உண்டு. மன்னன் பெயர் மாறியது. ஊர்ச்சபை கூடுவதும், நிலம் அளப்பதும், தானம் எழுதுவதும் மாறவில்லை. இந்த ஊருக்கு அது பழகிய வேலை. 9-ஆம் நூற்றாண்டிலேயே பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடு இதே மண்ணில் கிடைத்தது. சொர்ணாவூர் அணையில் தடுக்கப்படும் பெண்ணைத் தண்ணீர் இன்றும் பங்காரு வாய்க்கால் வழியே வாகூர் ஏரிக்கு வருகிறது. வெள்ளன் குமரன் கோயில் கட்டிய கரையைத் தொட்டுவந்த அதே ஆற்றின் நீர்தான். ஏரி நிரம்ப வேண்டும், மடை திறக்க வேண்டும், நடவு தவறக்கூடாது. எந்த அரசன் ஜெயித்தாலும் குடியானவனுக்கு இந்தக் கணக்குத்தான் முதல் கணக்கு.

சோழர் பழி தீர்த்தார்களா? 972-இல் இராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தைச் சூறையாடியது மாளவத்துப் பரமாரன் சீயகன். மறுவருடம் அந்த வம்சத்தையே முடித்தவன் சாளுக்கியன் தைலபன். பழிவாங்கக் காத்திருந்தவர்களுக்கு எதிரியே மிஞ்சவில்லை. இராஜேந்திரன் தன் மெய்க்கீர்த்தியில் ‘மண்ணைக்கடக்கம்’ என்று அந்த நகரை வென்றதாகச் சொல்லிக்கொண்டபோது, அங்கே ஆட்சி சாளுக்கியர் கையில் இருந்தது. கொன்றவன் வம்சம் போய், அந்த நிலத்தை ஆள வந்தவன் புதிய பகையாளி ஆனான். அந்தப் பகையும் சும்மா விடவில்லை. 1054-இல் கொப்பத்துப் போரில் இராஜேந்திரன் மகன் இராஜாதிராஜன் யானை மேலேயே மாண்டான். அவனுக்கும் அதே பட்டம்: ஆனைமேற்றுஞ்சின தேவர்.

தக்கோலத்துக்கும் கொப்பத்துக்கும் இடையே 105 ஆண்டுகள். இரண்டு யானைகள், இரண்டு சாவுகள், ஒரே பட்டம். வஞ்சம் தீர்ந்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. வெட்டிய ஏரிகள் மட்டும் இன்னும் வயலுக்குத் தண்ணீர் விடுகின்றன.

தக்கோலப் போருக்கு எட்டு நூற்றாண்டு கழித்து வாகூர் தானே போர்க்களமானது. வந்தவர்கள் சோழரும் அல்ல, இராஷ்டிரகூடரும் அல்ல. 1752-இல் பிரெஞ்சுத் தளபதி கெர்ழானும் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸும் இங்கே மோதிய கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)