பட்டாபிராமிலிருந்து ஒரு மின்னஞ்சல்

பட்டாபிராமில் இருக்கும் தம்பி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்காவுக்குத் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முகவரி அவனே பதிவு செய்த டொமைனில், அவனே பராமரிக்கும் மெயில் சர்வரில் இருக்கிறது. அக்காவின் முகவரி சிங்கப்பூரிலேயே உள்ள அலுவலக சர்வரில். கடிதம் போய்ச்சேரச் சில நொடிகள் போதும். அதற்குள் அது எத்தனை கை மாறுகிறது, எத்தனை கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், மின்னஞ்சல் எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்பது விளங்கும்.

தம்பியின் சர்வர் வீட்டில் இல்லை. வீட்டு பிராட்பேண்டில், சர்வருக்குச் சர்வர் கடிதம் கொடுக்கும் 25-ஆம் எண் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே முகவரி இருப்பதும் உண்டு. அங்கிருந்து வரும் கடிதத்தைப் பெரிய சர்வர்கள் நம்புவதில்லை. அதனால் அம்பத்தூர் டேட்டா சென்டர் ஒன்றில், நிலையான ஐபியுடன், ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் சிறு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறான். மின்சார ரயிலில் ஹிந்து காலேஜ், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில் தாண்டினால் அம்பத்தூர். 1964-இல் தொழிற்பேட்டை வந்த அந்த ஊரில் இப்போது டேட்டா சென்டர்களும் எழும்பியிருக்கின்றன.

கடிதம் 587-ஆம் போர்ட் வழியாக, மறையாக்கப்பட்ட இணைப்பில், கடவுச்சொல்லைச் சொல்லி அம்பத்தூருக்குள் நுழைகிறது. அதற்கு முன்பே அதன் உருவம் மாறியிருக்கும். மின்னஞ்சல் பரிமாற்ற விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டபோது ஏழு பிட்டுக்குள் அடங்கும் எழுத்துகளுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. யூடிஎஃப்-8 முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். பழைய பாதையில் சேதமில்லாமல் போவதற்காக, மூன்று பைட்டை நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் தமிழ் பெரும்பாலும் பயணம் செய்கிறது.

உள்ளே கடிதத்தைக் கையாள்வது போஸ்ட்ஃபிக்ஸ். ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சா வெனிமா எழுதி 1998-இல் வெளிவந்த மென்பொருள் இது. அதற்கு முன் யூனிக்ஸ் உலகில் கோலோச்சியது எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில். அது பெரிய அதிகாரத்தோடு ஓடும் ஒரே பெரிய நிரல். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு கணினிகளுக்குள் புகுந்த வழிகளில் சென்ட்மெயிலின் ஓட்டையும் ஒன்று. போஸ்ட்ஃபிக்ஸில் வேலைகள் பிரிக்கப்பட்டுள்ளன. கடிதத்தை வாங்குவது ஒரு நிரல், தலைப்புகளைச் சரிபார்ப்பது இன்னொன்று, வரிசையைக் கவனிப்பது வேறொன்று, வெளியே அனுப்புவது மற்றொன்று. ஒன்று உடைந்தாலும் மொத்த வீடும் திறந்துவிடாது. கடிதத்துக்கு வரிசை எண் கிடைக்கிறது. வழியில் திருத்தப்படவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்தும் அதன்மேல் இடப்படுகிறது.

அடுத்து, அக்காவின் டொமைனுக்குத் தபால் வாங்குபவர் யார் என்று, டொமைன்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். அதிலுள்ள எம்எக்ஸ் பதிவு பதில் சொன்னதும் கடல் தாண்டும் பயணம் தொடங்குகிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட ஐ2ஐ போன்ற கடலடி கேபிள்கள் அதற்கு இருக்கின்றன.

இந்த வசதி எளிதில் வந்ததல்ல. 1986-இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புத் திட்டத்தில் எட்டு நிறுவனங்கள் இருந்தன. சென்னை ஐஐடி அவற்றுள் ஒன்று. அப்போது யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்து யூயூசிபி முறையில் கடிதங்களைக் கைமாற்றின. அடுத்த அழைப்பு வரும்வரை கடிதம் காத்துக் கிடக்கும். மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு வழி திறந்தவர்களில் முன்னோடி, சீனிவாசன் ரமணி. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. மோடத்தில் டயல் செய்து, விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, பைன் என்ற நிரலில் கடிதம் படித்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சிங்கப்பூர் வாசலில் விசாரணை நடக்கிறது. இந்த ஐபிக்குத் திருப்பிப் பார்த்தால் பெயர் வருகிறதா? இந்த டொமைன் சார்பில் அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி உண்டா? அதைச் சொல்வது எஸ்பிஎஃப். வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லையே? அதற்கு டிகிம் சாட்சி. இவை பொய்த்தால் கடிதத்தை என்ன செய்வது என்று டிமார்க் சொல்கிறது. ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப் பட்டியல்களில் ஐபி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் பெருமளவில் கடிதம் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன.

புதிய ஐபி என்றால் சந்தேகம் கூடும். 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்பதற்கு 4-இல் தொடங்கும் எண் வரும். போஸ்ட்ஃபிக்ஸ் சலிக்காமல் மறுபடி மறுபடி முயலும். இயல்பான அமைப்பில் 5 நாள்வரை விடாது. 5-இல் தொடங்கும் எண் வந்தால் நிரந்தர மறுப்பு. காரணத்தோடு கடிதம் தம்பிக்கே திரும்பும். 250 வந்தால் ஏற்பு. இந்த எண்ணில்தான் மின்னஞ்சலின் அறம் இருக்கிறது. 250 சொன்ன கணத்திலிருந்து கடிதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு: கொண்டு சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தபால் முத்திரைபோல் கடிதத்தின் தலையில் நேரத்தோடு ஒரு வரி பதிக்கும். கீழிருந்து மேலாகப் படித்தால் முழுப் பயணமும் தெரியும்.

அக்காவின் பதில் அதே சோதனைகளைத் தாண்டி அம்பத்தூருக்கு வருகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை, அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட்டிடம் ஒப்படைக்க, மெயில்டிர் அமைப்பில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று அது வட்டில் உட்காருகிறது. அந்தக் கோப்பு தம்பியுடையது. விளம்பரத்துக்காக அதைப் படிக்க யாருமில்லை. ஒரு நிறுவனம் கணக்கை முடக்கியதால் பத்தாண்டுக் கடிதங்களை இழக்கும் நிலையும் இல்லை.

இதற்கு உழைப்பு வேண்டும்தான். லாகைத் தினமும் பார்க்க வேண்டும், சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், வேறிடத்தில் பேக்கப் வைக்க வேண்டும். 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அங்கே வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துவதைவிட நல்ல பயிற்சி கிடையாது. டிஎன்எஸ், மறையாக்கம், யூனிக்ஸ் அனுமதிகள், பொறுப்பு எல்லாம் ஒரே வேலையில் கைக்கு வரும். மின்னஞ்சல் யாருக்கும் சொந்தமில்லாத ஏற்பாடாக நீடிக்க வேண்டுமென்றால், அதை நடத்தத் தெரிந்தவர்கள் பெரிய நிறுவனங்களுக்கு வெளியேயும் இருக்க வேண்டும். நம் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு மெயில் சர்வரை மாணவர்கள் கையில் கொடுத்தால் அது நடக்கும்.