அன்னா பாவ்லோவாவும் தமிழகத்து நடனமும்

அன்னா பாவ்லோவா (12 பிப்ரவரி 1881 – 23 ஜனவரி 1931) ரஷ்ய நாட்டின் புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மாரியின்ஸ்கி அரங்கில் முதன்மை நடனமணியாக விளங்கியவர். பின்னர் சொந்தக் குழு அமைத்து உலகெங்கும் பாலேயைக் கொண்டு சென்றார். சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின் பக்கம் திருப்பியவர் என்பதால், தமிழகக் கலை வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு. ஆனால் பாவ்லோவா பிறப்பதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்துக் கோயில் நடனப் பெண்கள் ஐரோப்பிய மேடையில் ஆடியிருந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

இளமையும் பயிற்சியும்

பாவ்லோவா குறைமாதத்தில் பிறந்தவர். தாய் லியுபோவ் துணி வெளுத்துப் பிழைத்த ஏழைப் பெண். சிறுமியாக இருந்தபோது தாய் அழைத்துச் சென்று காட்டிய 'உறங்கும் அழகி' என்ற பாலே இவர் மனத்தில் பதிந்தது. தானும் அப்படி ஆட வேண்டும் என்று உறுதி கொண்டார். அரசவை பாலே பள்ளி முதலில் இவரைச் சேர்க்க மறுத்தது. மெலிந்த, நோயுற்ற தோற்றமே காரணம். 1891 இல், பத்து வயதில், இடம் கிடைத்தது.

பாலேயில் கால்விரல் நுனியில் நின்று ஆட வேண்டும். பாவ்லோவாவின் பாதங்கள் மிகவும் வளைந்தவை. அதனால் உடலின் பாரம் முழுவதும் பெருவிரலில் இறங்கியது. காலணிக்குள் கெட்டியான தோல் வைத்து, முனையைக் கடினமாக்கி இதைச் சமாளித்தார். இது முறையன்று என்று அன்று சிலர் குறை கூறினர். இன்று பாலே பெண்கள் அணியும் காலணி இதே போக்கில் வளர்ந்ததுதான்.

மாரியின்ஸ்கி அரங்கில்

1899 இல் பள்ளிப் படிப்பை முடித்து அரசவை பாலே குழுவில் சேர்ந்தார். பாலே அமைப்பாளர் மரியுஸ் பெத்திபா இவர் திறனைக் கண்டு பெரிய வேடங்கள் கொடுத்தார். 1902 இல் 'லா பயாதேர்' நாடகத்தில் நிகியா வேடமும், 1903 இல் 'ஜிசெல்' வேடமும் இவருக்குக் கிடைத்தன. 1906 இல் முதன்மை நடனமணி ஆனார். மிகையில் ஃபோக்கின் இவருக்காகவே அமைத்த 'இறக்கும் அன்னம்' சில நிமிடங்களே நீளும் தனி நடனம். வாழ்நாள் முழுவதும் அதை ஆடினார். இன்றும் இவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த நடனமே.

பாரிசுக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள்

நிகியா யார் என்பது தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி. அவள் இந்தியக் கோயில் ஒன்றில் ஆடும் பெண். 'பயாதேர்' என்ற பிரெஞ்சுச் சொல், நடனப் பெண்ணைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் நம் தேவதாசிகளை அப்படித்தான் அழைத்தனர்.

1838 இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த நடனப் பெண்கள் ஐவர், இசைக் கலைஞர் மூவருடன் பாரிஸ் சென்று ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவர் பெரும் பெயர் பெற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவரைப் புகழ்ந்து எழுதினார். பாவ்லோவா பின்னாளில் ஆடிய 'ஜிசெல்' கதையை அமைத்தவர்களுள் இதே கோத்தியேயும் ஒருவர். 1858 இல் சகுந்தலை கதையையும் பாலேக்காக எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் மரியுஸ் பெத்திபாவின் அண்ணன் லூசியான். 'லா பயாதேர்' 1877 இல் மேடையேறியபோது, இந்திய நடனப் பெண் ஐரோப்பியக் கற்பனையில் நன்கு வேரூன்றியிருந்தாள். ஆயினும் பெத்திபாவின் நாடகத்தில் அடவும் இல்லை, முத்திரையும் இல்லை. பெயர் மட்டுமே இந்தியா. ஆட்டம் முழுவதும் பாலே.

உலகப் பயணங்கள்

1908 இல் வெளிநாட்டுப் பயணங்களைத் தொடங்கினார். 1909 இல் தியாகிலெவ் குழுவுடன் பாரிசிலும், 1910 இல் நியூயார்க்கிலும் ஆடினார். பின்னர் தனிக் குழு அமைத்தார். 1912 இல் லண்டனில் ஐவி இல்லத்தை வாங்கிக் குடியேறினார். 1913 க்குப் பிறகு மாரியின்ஸ்கி மேடையில் அவர் ஆடவில்லை.

இந்தியாவைத் தேடி

1922–23 ஆசியப் பயணத்தில் இந்தியா வந்தார். இங்கே நடனத்தைக் காண விரும்பினார். எதிர்பார்த்தது கண்ணில் படவில்லை. 1892 முதல் சென்னை மாகாணத்தில் நடனப் பெண்களை எதிர்த்து இயக்கம் நடந்துவந்தது. சதிர் ஆடுவதும் பார்ப்பதும் மதிப்புக் குறைவு என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலம் அது. ஆனால் தஞ்சைப் பகுதியில் நட்டுவனார்களும் தேவதாசிக் குடும்பங்களும் கலையை விடாமல் காத்துவந்தனர்.

1923 இல் லண்டனில் 'அஜந்தா ஓவியங்கள்' என்ற பாலேயையும், 'கீழ்த்திசைப் பதிவுகள்' என்ற தொகுப்பையும் மேடையேற்றினார். தொகுப்பில் இடம்பெற்ற 'ராதா கிருஷ்ணா' பகுதியில், லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய சங்கர் கிருஷ்ணனாகவும் பாவ்லோவா ராதையாகவும் ஆடினர். உதய சங்கரின் நடன வாழ்க்கை அங்கே தொடங்கியது.

ருக்மிணி தேவி

மதுரையில் 1904 இல் பிறந்த ருக்மிணி தேவி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை 1920 இல் மணந்தவர். 1928 இல் பம்பாயில் பாவ்லோவாவின் நடனத்தைக் கண்டார். பிறகு ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்யும் வாய்ப்பு அமைந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். உன் சொந்த நாட்டுக் கலையைத் தேடிப் போ என்ற கருத்தில் பாவ்லோவா அவருக்கு அறிவுரை கூறினார்.

அறிவுரை வெளியிலிருந்து வந்தது. கல்வி உள்ளிருந்தே வந்தது. 1931 இல் சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் ஆடினர். இதற்காக முன்னின்று உழைத்தவர் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். 1933 இல் அதே சகோதரிகளின் ஆட்டத்தைக் கண்ட ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 இல் அடையாற்றில் அரங்கேறினார். 1936 ஜனவரியில் கலாக்ஷேத்ராவின் பணி தொடங்கியது.

பாலேயின் தடம்

ருக்மிணி தேவி தாம் பயின்ற நடனத்தில் பாலேயின் அசைவுகளைக் கலக்கவில்லை. மேடை ஒழுங்கு, ஒளியமைப்பு, உடை, குழுவாக ஒத்து ஆடுதல் ஆகியவற்றிலேயே அதன் தாக்கம் தெரிகிறது. 1944 இல் அவர் அமைத்த நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சி. ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சென்றால் வரும் அதே குற்றாலத்தின் மீது திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய நூல் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையையும் கலாக்ஷேத்ரா நாட்டிய நாடகமாக்கியது.

மறைவும் மதிப்பீடும்

ஓயாத பயணங்களுக்கிடையே நுரையீரல் உறை அழற்சியால் பாதிக்கப்பட்டு, நெதர்லாந்தின் ஹேக் நகரில் பாவ்லோவா காலமானார். ஐம்பது வயது நிறைய மூன்று வாரங்கள் இருந்தன. சென்னையில் கல்யாணி சகோதரிகள் மேடையேறியது அடுத்த இரண்டு மாதங்களுக்குள்தான்.

பரதநாட்டியத்தை மீட்டவர் பாவ்லோவா என்று சில கட்டுரைகளில் காணப்படுகிறது. அது மிகை. அவர் ஆர்வமுள்ள ஓர் இளம்பெண்ணுக்கு வழி காட்டினார். அவ்வளவே அவர் பங்கு, அது சிறியதும் அன்று. அந்த வழியின் மறுமுனையில் கற்றுக்கொடுக்கக் கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இல்லாதிருந்தால் அறிவுரை பயன்பட்டிராது. 1947 இல் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தேவையான சீர்திருத்தம் அது. ஆனால் கலை பெருமை பெற்ற அதே காலத்தில், அதைக் காத்த பெண்களுள் பலர் மேடையை இழந்தனர். பாவ்லோவாவின் பெயரைப் படிக்கும் மாணவர்கள் அம்மணி, ராஜலட்சுமி, ஜீவரத்தினம், கௌரி அம்மாள் ஆகிய பெயர்களையும் அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.