வன்தட்டில் காணாமல் போகும் இடம்

2022 நெருக்கடிக்குப் பிறகு பழைய மடிக்கணினியோடேயே காலம் தள்ளும் வீடுகள் ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலையிலும் உண்டு. சி டிரைவில் சிவப்புக் கோடு தெரிந்ததும் முதலில் அழிக்கப்படுவது பெரும்பாலும் குடும்பப் படங்கள்தான். போரிலும் சுனாமியிலும் அல்பங்களை இழந்த ஊர் இது. அழிக்கும் முன் இடம் எங்கே போனது என்று பார்த்துவிடுவது நல்லது.

256 ஜிபி என்று விற்கப்படும் வட்டை விண்டோஸ் 238 ஜிபி என்றே காட்டும். தயாரிப்பாளர் 1000ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. அந்த 18 ஜிபியைத் தேட வேண்டாம்.

எல்லாக் கோப்புறைகளையும் தெரிவுசெய்து அளவு பார்த்தால் 90 ஜிபி, டிரைவோ 150 ஜிபி நிரம்பியதாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மறைந்திருக்கும் கோப்புகளிலும் உங்களுக்கு அனுமதி இல்லாத கோப்புறைகளிலும் இருக்கிறது. வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாக வரைந்து காட்டும். வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறவுங்கள். இல்லாவிட்டால் அதுவும் பூட்டிய கதவுக்கு வெளியேதான் நிற்கும்.

அப்படியும் முழுதாகத் தெரியாதது 'சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன்'. கணினியைப் பழைய நிலைக்கு மீட்கும் பிரதிகள் அதற்குள் சேர்கின்றன. 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பகுதியில் அவை பிடித்துள்ள அளவைப் பார்த்து, உச்ச வரம்பைக் குறைக்கலாம். உறக்கநிலைக் கோப்பு வழமையாக ரேமின் 40 சதவீதம் வரை வரும். பெரிய மேம்படுத்தலுக்குப் பின் மிஞ்சும் 'விண்டோஸ்.ஓல்ட்' வழமையாகப் பத்து நாட்களில் தானாகவே நீங்கும்.

'வின்எஸ்எக்ஸ்எஸ்' கோப்புறையைக் கண்டு மிரள வேண்டாம். ஒரே கோப்பு பல பெயர்களில் இணைக்கப்பட்டிருப்பதால், அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். கையால் அழித்தால் விண்டோஸே எழும்பாமல் போகலாம்.

ரியூசன் காணொளிகளை டெலிகிராமில் பார்க்கும் மாணவர்கள் அதன் கணினிச் செயலியில் 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்து பார்க்கட்டும். அங்கே தற்காலிகச் சேமிப்பை அழித்தாலும் உரையாடலில் உள்ள காணொளி போகாது.

மற்றவற்றுக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியே 'டெம்பரரி ஃபைல்ஸ்' போதும். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். பெயர்தான் தற்காலிகம், பலரின் பிறப்புச் சான்றிதழ் பிரதியும் பரீட்சைப் பெறுபேறும் கிடப்பது அதற்குள்தான். அதில் சரி அடையாளம் இடாதீர்கள்.