ஓய்வெடுத்தும் தீராத களைப்பு: ஆட்டிச பர்ன்அவுட்டின் வரலாறு

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்கு வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் நீண்ட முடக்கம் ஒன்று வருகிறது. பேச்சு தடுமாறும். பல ஆண்டுகளாகச் செய்துவந்த சமையலும் குளியலும் அலுவலக வேலையும் திடீரென்று கைகூடாமல் போகும். முன்பு சமாளிக்க முடிந்த வெளிச்சமும் இரைச்சலும் தாங்க முடியாதவை ஆகிவிடும். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் களைப்பல்ல இது; மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆட்டிச பர்ன்அவுட் என்று அழைக்கப்படும் இந்நிலையை ஆய்வுலகம் முறையாக வரையறுக்கத் தொடங்கியது 2020இல்தான். ஆனால் களைத்து விழுந்தவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் மரபு அதற்கு 150 ஆண்டுகள் மூத்தது. அந்த மரபு நெடுங்காலம் நோயாளியின் வாய்மொழியைக் கேட்கவே இல்லை.

1869இல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், ‘நியூரஸ்தீனியா’ என்ற நோய்ப்பெயரைப் பரப்பினார். தந்தி, நீராவி எந்திரம், பத்திரிகைகள் என்று வேகமெடுத்த வாழ்க்கை நரம்புகளின் ஆற்றலைக் கரைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். அதே காலத்தில் பிலடெல்பியாவில் சைலஸ் வேய்ர் மிட்செல் ‘ஓய்வுச் சிகிச்சை’யை வகுத்தார். நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி, பாலும் கொழுப்பான உணவும் ஊட்டி, உடலைப் பிடித்துவிட்டு, மின்சாரம் பாய்ச்சினார்கள். படிக்கவோ எழுதவோ தைக்கவோ அனுமதி இல்லை. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் இந்தப் படுக்கை. ஆண்கள் பலரை மிட்செல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குதிரையேறப் போகச் சொன்னார். 1887இல் இச்சிகிச்சைக்கு ஆளான எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், வீடு திரும்பிய பின்னும் பேனாவைத் தொடக்கூடாது என்ற அறிவுரையைப் பின்பற்றி, மனம் குலையும் விளிம்புவரை போனார். 1892இல் வெளிவந்த அவருடைய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதை அதற்கான பதில். மிட்செலின் நோயாளிகளில் யாருக்கு ஆட்டிசம் இருந்தது என்று இன்று தேடுவது வீண்வேலை. ஆனால் ஒருவருக்குப் பிடித்தமானதைப் பறித்துவிட்டுக் கொடுக்கும் ஓய்வு ஓய்வாகாது என்பதை கில்மன் அன்றே எழுதிவிட்டார்.

நூறாண்டு கழித்து நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதே களைப்பை வேறு கோணத்தில் கண்டார். பகலில் சொந்த மருத்துவப் பணி, இரவில் இலவசச் சேவை என்று உழைத்த அந்த உளவியலாளரும் உடனிருந்த தன்னார்வலர்களும் ஓய்ந்துபோன விதத்தை 1974இல் கட்டுரையாக எழுதினார். ‘பர்ன்அவுட்’ ஆய்வுச் சொல்லானது அப்போதுதான். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் தந்தனர். 2019இல் உலக சுகாதார அமைப்பு, நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பர்ன்அவுட் நோயல்ல, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று வரையறுத்தது. இந்த வரையறை ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் போதவில்லை. அவர்களைக் களைக்க வைப்பது வேலை மட்டுமல்ல. பேருந்துப் பயணம், உறவினர் கூட்டம், எதிர்பாராத ஒரு தொலைபேசி அழைப்பு எல்லாமே பாரம்தான்.

அவர்களைப் பெரியவர்களாகப் பார்க்கவே மருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் என்று விவரித்தது 11 குழந்தைகளை. அதன்பின் பல பத்தாண்டுகள் ஆட்டிசம் என்றாலே குழந்தை என்ற எண்ணம் நிலைத்தது. லண்டனில் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல், ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நோய்க்குறி பற்றி எழுதிய கட்டுரையும், 1994இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதைச் சேர்த்துக்கொண்டதும், வேலையும் குடும்பமுமாக வாழ்ந்த பலர் தங்கள் ஆட்டிசத்தை அறிய வழி திறந்தன. 1993இல் ஆட்டிசம் உள்ள செயற்பாட்டாளர் ஜிம் சின்க்ளேர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார். 1998இல் ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டில், மூளைகள் பலவிதமாக இயங்குவது இயல்பே என்னும் நரம்பியல் பன்மை கருத்தை எழுதினார். இப்படி உருவான ஆட்டிசம் உள்ளவர்களின் இயக்கத்தினர் தங்களுக்குள் பர்ன்அவுட் பற்றிப் பேசிக்கொண்ட காலத்தில் மருத்துவ இதழ்களில் அதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

முதலில் ஆய்வுக்கு வந்தது பர்ன்அவுட்டின் முக்கியக் காரணம். கண்ணைப் பார்த்துப் பேசக் கட்டாயப்படுத்திக்கொள்வது, உரையாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, கையசைவுகளை அடக்குவது என்று பிறரைப் போல நடிக்கும் பழக்கத்தை 2017இல் லாரா ஹல் குழுவினர் லண்டனிலிருந்து ஆராய்ந்தனர். வேலைக்காகவும் நட்புக்காகவும் இப்படி நடித்தவர்கள், அதன் விலையாக முதலில் சொன்னது களைப்பைத்தான்.

2020இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரா ரேமேக்கர் தலைமையில் வெளியான ஆய்வு, பர்ன்அவுட்டையே நேரடியாக எடுத்துக்கொண்டது. ரேமேக்கரும் ஆட்டிசம் உள்ளவர். அவர் இணைந்து நடத்தும் அமைப்பில் ஆட்டிசம் உள்ளவர்கள் ஆய்வுக்கு உட்பட்டவர்களாக மட்டும் இல்லை, ஆய்வாளர்களாகவும் இருக்கிறார்கள். தொடர்ந்த வாழ்க்கை அழுத்தமும், ஒருவரால் இயல்வதற்கும் அவரிடம் எதிர்பார்க்கப்படுவதற்கும் உள்ள இடைவெளியும், போதிய ஆதரவின்மையும் சேரும்போது இந்நிலை பிறக்கிறது என்றது அந்த ஆய்வு. பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீளும் சோர்வு, திறன் இழப்பு, புலன் தூண்டல்களைத் தாங்க இயலாமை ஆகியவை அதன் அடையாளங்கள். தற்கொலை எண்ணம்வரை போனதாகவும் சிலர் சொன்னார்கள். ‘எல்லோருக்கும்தான் களைப்பு’ என்று மற்றவர்கள் தட்டிக்கழித்ததால் துன்பம் கூடியதையும் அவர்கள் விவரித்தனர்.

மீட்சியைப் பற்றியும் அவர்களே பேசினார்கள். தங்களை ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள், குறைக்கப்பட்ட எதிர்பார்ப்புகள், நடிப்பைக் கைவிட்டுத் தங்கள் இயல்பில் வாழும் வாய்ப்பு ஆகியவை உதவின. மிட்செலின் முறைக்கு இது ஏறக்குறைய நேர்மாறு: மனதுக்கு நெருக்கமான துறையில் மூழ்குவதை இங்கே யாரும் தடுப்பதில்லை, அதுவே தெம்பு தருகிறது.

மனச்சோர்விலிருந்து ஆட்டிச பர்ன்அவுட்டைப் பிரித்தறிவது இன்றும் கடினம். 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு ஒன்று, அனுபவப்பட்டவர்களின் கருத்துகளைப் பல சுற்றுகளாகத் திரட்டி இன்னொரு வரையறை தந்தது. பிரித்தறிவது முக்கியம்: மனச்சோர்வுக்குப் பயன்படும் ‘வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள்’ என்ற வகைச் சிகிச்சை, ஏற்கனவே கூட்டத்தால் களைத்தவரின் பாரத்தைக் கூட்டிவிடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கவும் கூடும் என்பதால் மருத்துவர் கவனமாகக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. ஆட்டிச பர்ன்அவுட்டுக்கு முக்கிய நோய் வகைப்பாடுகளில் இதுவரை தனி இடம் இல்லை. எனவே நடைமுறையில் மீட்சி பெரும்பாலும் சிறு மாற்றங்களைச் சார்ந்திருக்கிறது: குறைந்த வேலைநேரம், தொலைபேசிக்குப் பதில் எழுத்துவழித் தொடர்பு, காதுக்கு இரைச்சல் தடுப்பான், நாளில் ஆளில்லாத சில மணிநேரம். பழைய பாரத்துக்கே அப்படியே திரும்பினால் பர்ன்அவுட் மீண்டும் வரலாம் என்பதால், இம்மாற்றங்கள் குணமான பின்னும் தொடர வேண்டியவை.