பால் வாளியும் பந்தயச் சாலையும்: பேராக் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றில் மோட்டார் சைக்கிள்

மலேசியத் திரைப்பட வரலாற்றில் 2005, 2006 ஆகிய ஈராண்டுகள் அருகருகே வைத்து நோக்கத்தக்கவை. 2005இல் தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ வெளிவந்தது. 1960களின் இறுதியில் ரப்பர் தோட்டமொன்றில் வாழும் இளம்பெண்ணொருத்தி உயர்கல்வியை நாடுவதை அப்படம் ஆரவாரமின்றிச் சொல்லிற்று. அடுத்த ஆண்டில் அகமட் இட்ஹாம் இயக்கிய ‘ரெம்ப்-இட்’ என்னும் மலாய்ப் படம் திரையரங்குகளுக்கு வந்தது. நள்ளிரவுச் சாலைகளில் உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் இளைஞரைப் பற்றிய அதிரடிப் படம் அது. முன்னதன் களம் தோட்டத்து மண்சாலை. பின்னதன் களம் நகரத்துத் தார்ச்சாலை. ஒன்று தமிழர் கதை, மற்றது மலாய்க்காரர் கதை எனப் பிரித்து வைத்துவிடுவது எளிது. அவ்வாறு பிரிப்பதால் மறைந்துபோகும் ஒரு வரலாற்றுத் தொடர்பையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். ஈப்போ நகரும், அதன் வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள எல்பில், கமுனிங், ஹீவுட் போன்ற தோட்டங்களும் நமக்குக் களமாகும்.

தோட்டத்தில் வாழ்ந்த தமிழர் நெடுங்காலம் நடந்தே திரிந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியோடும் வாளியோடும் தீம்பாருக்குச் செல்வதும், வெட்டு முடிந்தபின் மங்குகளில் தேங்கிய பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு வருவதும் பெரும்பாலும் கால்நடையாகவே நிகழ்ந்தன. பின்னர்ச் சைக்கிள் வந்தது. எனினும் பட்டணம் போக வேண்டுமாயின் தோட்ட லாரியை எதிர்பார்த்தனர். இன்றேல் பல கல் நடந்து பேருந்துச் சாலையை அடைந்தனர். குடியிருப்பு, கடை, கள்ளுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் தோட்ட எல்லைக்குள் அமைந்திருந்தமைக்கு வசதி மட்டும் காரணமன்று. தொழிலாளர் வெளியே செல்லும் தேவையும் வாய்ப்பும் குறைந்திருப்பது நிருவாகத்திற்கு உவப்பானதே. 1948 ஜூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் அண்மையிலிருந்த பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட அலுவலர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் வேலியும் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் அவ்வொடுக்கத்தை மேலும் இறுக்கின.

இப்பின்னணியிலேதான் மோட்டார் சைக்கிளின் வருகையை மதிப்பிடல் வேண்டும். ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் ‘சூப்பர் கப்’ என்னும் 50 சிசி வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டிலேயே பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ மலாயாவில் ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றார். சீனத்திலிருந்து வறியவராய் வந்து, பேருந்து கழுவித் தொழில் தொடங்கியவர் அவர். ‘கப்’ என்னும் பெயரோடு சிறியது என்னும் பொருள் தரும் சீனச் சொல் சேர்ந்து ‘காப்சாய்’ என்றாகி, மூவினத்தார் நாவிலும் வழங்கலாயிற்று.

இவ்வண்டியின் அமைப்பைச் சற்று விரித்துரைப்பது தேவையாகிறது. இருக்கைக்கு முன்னே சட்டம் தாழ்ந்திருப்பதால் சேலையோ கைலியோ உடுத்தவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். அவ்விடத்திலேயே ஒரு வாளியையோ அரிசி மூட்டையையோ வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் தானே இயங்குவதால் இடக்கைக்குப் பிடி வேண்டியதில்லை. முன்புறக் காப்புத்தகடு சேற்றைத் தடுக்கும். மூடப்பட்ட சங்கிலியில் செம்மண் புகாது. அகன்ற விட்டமுடைய சக்கரங்கள் பள்ளம் மேடுகளைத் தாங்கும். டோக்கியோவின் உணவுக்கடைப் பையன்களை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்ட வண்டி, பேராக் தோட்டத்துத் தீம்பாருக்கென்றே செய்யப்பட்டது போல் பொருந்தியது. எண்ணெய்ச் செலவோ மிகக் குறைவு. பின்னிருக்கையின் இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நிறுவைக்கு விரைந்த வண்டியே, மாலையில் பிள்ளையைப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிச் சிறப்பு வகுப்பிற்கு ஏற்றிச் சென்றது. மனைவி பிரசவ வலியில் துடிக்கும் இரவில் கிராணியின் தயவை எதிர்பார்த்து நிற்கும் நிலையையும் அது மாற்றிற்று.

எனவே காப்சாயை வெறும் பயணக் கருவியாகக் கொள்ள நாம் விரும்பவில்லை. தோட்டத்துக் குடும்பமொன்று தன் பெயரில் பதிந்துகொண்ட முதற்சொத்து பல வேளைகளில் அதுவாகவே இருந்தது. குடியிருந்த வீடு கம்பெனிக்குரியது, மரம் கம்பெனிக்குரியது, உளி பிடித்த கையின் காலைப்பொழுதும் கம்பெனிக்கே. வாசலில் நின்ற வண்டி மட்டும், தவணை முடிந்தபின், தமக்குரியது. புது வண்டியைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டு சென்று, மாலையிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கத்தில் இப்பெருமிதம் வெளிப்படுவதைக் காணலாம்.

இக்காலக்கட்டத்தில் தோட்டங்களே நிலைகுலைந்து கொண்டிருந்தன. 1950களின் பிற்பகுதி தொடங்கி ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். அம்முயற்சி மகத்தானது, ஆயினும் சரிவு முழுவதையும் தடுக்கவல்லதாய் அது இல்லை. பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நகரையொட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போவின் மலிவுவிலை வீடுகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. தட்டுமுட்டுச் சாமான்களோடு உடன் வந்தது காப்சாய். தந்தைக்குத் தொழிற்சாலைக்குச் செல்ல அது உதவியது. வேலையும் விளையாட்டுத் திடலும் இல்லாத மகனுக்கோ அது வேறொன்றாயிற்று.

1980களிலும் 1990களிலும் யமஹாவின் இருவீச்சு இயந்திர வண்டிகள் இளைஞரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றன. 135 சிசி ‘ஆர்எக்ஸ்இசட்’, பின்னர் வந்த ‘125இசட்’ ஆகியன குறைந்த விலையில் மிகுந்த வேகம் தந்தன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணமும் இல்லை. புகைபோக்கியை மாற்றி ஒலியைப் பெருக்குதல், முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுதல், இருக்கைமீது குப்புறப் படுத்துக் காற்றைக் கிழித்துச் செல்லுதல் ஆகிய வித்தைகள் பரவின. இவற்றில் ஈடுபட்டோரை ‘மாட் ரெம்பிட்’ எனச் செய்தித்தாள்கள் அழைத்தன. ‘ரெம்ப்-இட்’ படம் இவ்வித்தைகளையே காட்சிப் பொருளாக்கியது. அதில் வரும் வண்டிகள் ஆலிவுட் படத்து இராட்சத வண்டிகள் அல்ல. வாசலில் நிற்கும் சிறுவண்டிகள். அப்படம் தன் நாட்டு இளைஞரைச் சென்று தொட்டமைக்கு இதுவே முதற்காரணம் என்பது நம் கருத்து.

சட்டவிரோதப் பந்தயம் ஓரினத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் பொதுவெளிச் சொல்லாடல் அதனை மலாய் இளைஞர் சிக்கலாக வகுத்துக்கொண்டது. கண்டித்தோரும் இருந்தனர், அரவணைத்தோரும் இருந்தனர். ஆளும் அரசியல் கட்சியொன்றின் இளைஞர் பிரிவு அவ்விளைஞருக்கு ‘மாட் செமெர்லாங்’, அதாவது ஒளிமிக்கோர், என்று புதுப்பெயர் சூட்டவும் முற்பட்டது. அதே ஆண்டுகளில் அதே வகை வண்டியில் சென்ற தமிழ் இளைஞனுக்கு வழங்கப்பட்ட பெயர் ‘குண்டர்’ என்பதாகும். அவனுக்குப் புதுப்பெயர் சூட்ட எவரும் முன்வரவில்லை. இடப்பெயர்வு, பள்ளி இடைநிற்றல், நிலையான தொழிலின்மை என மூல காரணங்கள் பல ஒத்திருக்க, ஒருவன் வேகத்தின் பெயராலும் மற்றவன் வன்முறையின் பெயராலும் ஏட்டில் பதியப்பட்டான். திரைப்படமும் இப்பாகுபாட்டையே பின்பற்றியமை நோக்கத்தக்கது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ இதற்குத் தக்க சான்று. தீயது எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் தலைப்பு. தோட்டத்தை இழந்து வந்த குடும்பமொன்றில் 1990களின் தொடக்கத்தில் வளரும் அப்போய் என்னும் சிறுவன், கண்டிப்பு மிகுந்த தந்தைக்கும் குண்டர் கும்பலிலுள்ள சிற்றப்பனுக்கும் இடையே அலைக்கழிவதை அது கூறுகிறது. 2016இல் நடைபெற்ற 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் அப்படம் முதலில் தேசியமொழி அல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் வைக்கப்பட்டது. திரைத்துறையினர் பலர் எதிர்த்தபின் மொழிப்பாகுபாடு கைவிடப்பட்டு, சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருது ‘ஜகாட்’டுக்கே கிடைத்தது. சாலையில் நிகழ்ந்த பிரிவினை விருதுப் பட்டியலிலும் நிகழ்ந்தது. ஆனால் அங்கே அது திருத்தப்பட்டது.

தமிழகப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். அதர்வா நடித்த ‘இரும்பு குதிரை’ (2014), அஜித் குமார் நடித்த ‘வலிமை’ (2022) ஆகியவை மோட்டார் சைக்கிளை மையமாகக் கொண்டவை. ஈப்போவிலும் பார்வையாளர் உண்டு. எனினும் அவற்றின் விலையுயர்ந்த வண்டிகள் நம் இளைஞனின் கனவுக்குத் தீனியாகலாமேயன்றி அவன் வாழ்வைச் சொல்வன அல்ல. வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ (2007) விதிவிலக்கு. அதில் பந்தயம் இல்லை. ஆனால் எளிய குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு வண்டி எவ்வளவு பெரியது என்பது அதில் உண்டு.

வேகத்திற்குச் சட்டத்துக்குட்பட்ட வழியும் திறக்கப்படாமலில்லை. சிறுவண்டிகளுக்கென்றே ‘கப் பிரிக்ஸ்’ பந்தயத் தொடர் 1994இல் தொடங்கப்பெற்று, சிற்றூர்களுக்கும் சென்றது. பேராக்கில் கம்போங் காஜாவிலுள்ள பந்தயத் தடம் டத்தோ சாகோரின் பெயரைத் தாங்கியுள்ளது. 1875இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி பர்ச் கொல்லப்பட்டமைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். ஒரு காலத்தில் குற்றவாளி என எழுதப்பட்டவரின் பெயரில் இன்று இளைஞர் முறைப்படி வேகம் பழகுகின்றனர்.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதச் சான்றுகள் இன்னும் வீடுகளிலேயே கிடக்கின்றன. தவணைப் புத்தகங்கள், பழைய சாலைவரி அட்டைகள், கோயில் வாசலில் புது வண்டியோடு எடுத்த நிழற்படங்கள், தீம்பாரில் வண்டியோட்டிய முதற்பெண்களின் நினைவுகள் ஆகியவற்றை, சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத் தமிழாசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு இப்போதே திரட்டத் தொடங்கலாம். அவ்வண்டிகளை வாங்கிய தலைமுறையினர் இன்று எழுபது, எண்பது அகவையினர்.