விலைக்கு வராத பால்

ஒரகடம் பக்கத்தில் இருக்கிற எங்க ஊர்ல போன மாசம் பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டுச்சு. மறுநாள் காலையில் அந்த அக்கா ஒரு தூக்குல சீம்பால் கொண்டுவந்து கொடுத்தாங்க. அம்மா வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு இட்லிப் பானையில் அவிச்சாங்க. கொஞ்ச நேரத்துல கத்தியால் வெட்டுற பதத்துக்கு இறுகிடுச்சு.

இதுக்கு உறையோ முட்டையோ வேண்டாம். சாதாரணப் பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஈன்றவுடன் கறக்கும் பாலில் 14 சதவீதம் வரை இருக்கும். அதில் கணிசமான பகுதி நோய் எதிர்ப்புப் புரதம். சூடு பட்டால் இறுகிவிடும். தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு இந்த எதிர்ப்புச் சக்தி போய்ச் சேர்வதில்லை. முதல் நாள் குடித்தால்தான் உண்டு. அதனால்தான் 'கன்னு குடிச்சு மிச்சம்தான் நமக்கு' என்பது எங்க வீட்டுச் சட்டம்.

இதற்கு உறவு உலகம் முழுக்க இருக்கு. ஆந்திராவில் ஜுன்னு, கன்னடத்தில் கிண்ணு, மராத்தியில் கர்வஸ். ஸ்வீடனில் 'கால்வ்டான்ஸ்', அதாவது கன்றின் நடனம். அதே நாட்டின் ஸ்மோலாந்து பகுதியில் இதுக்கு ஒரு பெரியக்கா உண்டு: உஸ்ட்காகா. (காக்கா இல்லைங்க, அங்கே காகா என்றால் கேக்.) சாதாரணப் பாலை உறைப்பொருள் விட்டுத் திரித்து, முட்டை, பாதாம் சேர்த்துச் சுடுவார்கள். வெதுவெதுப்பாக, பழ ஜாமோடு பரிமாறுவார்கள்.

பரிமாறும் முறைதான் சுவாரசியம். அந்தக் காலத்தில் பெரிய செம்புப் பாத்திரத்தில் சுடுவது வழக்கம். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்திருந்தால் ஓரத்தில் செம்பு இறங்கும். அதனால் முக்கிய விருந்தாளிக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்த நம்ம பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உஸ்ட்காகா இன்று அங்கே கடையில் பெட்டியாகக் கிடைக்கிறது. எங்க ஊர்ல சீம்பால் அப்படி ஆகவில்லை. 2011இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் பாலுக்குத் தரும் இலக்கணத்திலேயே 'சீம்பால் கலந்திருக்கக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கு. பால் சொசைட்டியில் அந்த நாட்களில் ஊற்ற முடியாது. நாலு லிட்டரை ஒரு வீடு தின்று தீர்க்கவும் முடியாது. ஆகவே தெருவுக்குப் போகிறது. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்க ஊர் வழக்கம். அரிசியோ நாலு கத்திரிக்காயோ போட்டுக் கொடுப்பாங்க.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. வேலை வந்தது, மறுக்கவில்லை. ஆனா எங்க தெருவில் தொழுவங்கள் வாடகை அறைகளாயிட்டது. இப்போ மிச்சம் மூணு வீட்டில்தான் மாடு. எங்க ஊர்ல காசு கொடுத்து வாங்க முடியாத பண்டம், கொடுக்கிற வீடு போனால் அதோடு போச்சு.

அன்னைக்கு அம்மா நாலு துண்டை மாடி அறையில் குடியிருக்கும் பீகார் பையன்களுக்குக் கொடுத்தனுப்பினாங்க. ஒருத்தன் வாயில் வைத்ததும் "ஃபேனுஸ்!" என்று சிரித்தான். அவங்க ஊர்ல இதுக்கு அதான் பேராம்.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த கடலை மாவு. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.