மழலையர் ஓட்டிசமும் பேச்சுத் தாமதமும் (ஒட்டுசுட்டான், வன்னி)

ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் மிக இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. தமிழகத்தில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுவர். முகம் பார்த்து உறவாடுவதும் மனதில் உள்ளதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதும் இப்பிள்ளைகளுக்குக் கடினம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சில ஒலிகளையும் தொடுகைகளையும் தாங்கமாட்டார்கள். வேறு சிலவற்றை விடாமல் நாடுவார்கள். 1943 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு இது மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. உலக அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிப்பர். இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாத வயதுள்ள 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது.

பேச்சுப் பிந்திய பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டிசம் இருப்பதில்லை. செவிப்புலன் குறைவாலும் பேச்சுப் பிந்தும். ஆகவே எந்த ஐயம் எழுந்தாலும் முதலில் காது பரிசோதிக்கப்பட வேண்டும். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் கேள்வி சரி என்று வீட்டில் முடிவுகட்டிவிடக் கூடாது.

இடமும் தூரமும்

ஒட்டுசுட்டான் இலங்கையின் வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஏறத்தாழ நடுவே இருக்கிறது. தான்தோன்றீஸ்வரர் கோயிலும் அருகிலுள்ள முத்தையன்கட்டுக் குளமும் இவ்வூரை வெளியார்க்கு அறிமுகப்படுத்துவன. மாவட்டப் பொது வைத்தியசாலை முல்லைத்தீவு மாஞ்சோலையில் உள்ளது. போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் யாழ்ப்பாணம். நூறு கிலோமீற்றருக்கு மேல். பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும், மாற்றுத்திறன் கொண்ட சிறுவர்களுக்கான அயாட்டி நிலையமும் கொழும்பை அடுத்த ராகமவில் இருக்கின்றன. தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் நாட்டிலேயே குறைவு. நாட்கூலிக்குப் போகும் தாய் ஒரு கிளினிக் நாளுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறாள். போருக்குப் பின் வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

அறிகுறிகள்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதிலும் திரும்பிப் பாராமை, கையசைத்து விடைகொடாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் வராமை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை ஆகியன கவனிக்க வேண்டியவை. வந்த சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கூடுதலாகச் சொல்லக்கூடியது சுட்டுவிரல். ஒன்றரை வயதுப் பிள்ளை வேலியில் மயிலைக் கண்டால் விரலை நீட்டும். உடனே அம்மா பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தையும் பார்க்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளை பெரும்பாலும் இப்படிக் காட்டுவதில்லை. விசுக்கோத்து வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அவள் கையைப் பேணியின் மேல் வைக்கும், முகத்தைப் பாராது. முற்றத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைச் சுழற்றிவிட்டு, கம்பிகள் ஓடுவதைச் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். சில்லை யாராவது நிறுத்தினால் அழுகை.

ஊரில் இதற்குப் பதில்கள் தயாராக உண்டு. "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்", "தேப்பனும் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவர்" என்பார்கள். ஆண் பிள்ளைகளிடம் ஓட்டிசம் மூன்று நான்கு மடங்கு கூடுதலாகக் கண்டறியப்படுகிறது என்பதால் முதற்சொன்ன ஆறுதல் ஆபத்தானது. போர்க்காலச் செல்லடியில் பயந்த தலைமுறையின் பிள்ளை என்றும் சிலர் காரணம் சொல்வர். ஓட்டிசத்துக்குப் பயம் காரணமன்று. மரபணுக்களின் பங்கே பெரிது. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று வரை இருக்கிறது. தடுப்பூசியோடு ஓட்டிசத்தைத் தொடர்புபடுத்தி 1998 இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை அவ்விதழே 2010 இல் திரும்பப் பெற்றது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற கொள்கை ஒருகாலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களிடமே செல்வாக்கோடு இருந்தது. அது கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் மாமியார்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கண்டறிதல்

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கெனப் பெற்றோரிடம் கேட்கும் 20 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. மேற்சொன்ன 2009 ஆய்வில் அதன் முந்திய வடிவத்தைப் பயன்படுத்தியபோது, ஓட்டிசம் உறுதியான 4 பிள்ளைகளில் ஒருவரையே அது இனங்கண்டது. "பிள்ளை விரல் காட்டுமா?" என்று கேட்டால் "ஓம், காட்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. அதனாலேயே அக்குழுவினர் பின்னர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கி 2017 இல் வெளியிட்டனர். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பிள்ளையை விளையாடவிட்டுப் பார்க்கும் கண் வேண்டும்.

அந்தக் கண் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கிறது. வீடு தேடி வருபவர், கர்ப்ப காலத்திலிருந்தே தாயை அறிந்தவர் அவர். இலங்கையில் 18 ஆம் மாதத்தில் ஒரு தடுப்பூசி உண்டு. அடுத்தது மூன்று வயதில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் நிறை பார்ப்பதற்கென்று மட்டும் கிளினிக் போவதைப் பலர் தளரவிடுவர். மொழி வளர்ச்சிக்கு மிக முக்கியமான காலம் அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

உறுதியான நோயறிதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுப் பயிற்சி ஓட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் கெடுதி செய்யாது.

பாயில் பிள்ளைக்கு எதிரே, அதன் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சில்லு என்றால் சில்லு. "சுத்துது… நிண்டிட்டுது" என்று இரண்டே சொல். பிறகு பேசாமல் இருக்க வேண்டும். பெற்றோருக்கு இதுவே கடினமான பகுதி. பிள்ளை ஒரு பார்வையோ முனகலோ கையசைவோ தந்த உடனே சில்லை மறுபடி சுழற்றிவிட வேண்டும். விசுக்கோத்தை உள்ளே தெரியும் இறுக்கமான போத்தலில் வைத்து, சிறு சிறு துண்டாகக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் கேட்பதற்கு ஒரு வாய்ப்பாகிறது. "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் பிள்ளை விலகிப்போகும். படங்களும் சைகைகளும் பழக்கினால் பேச்சு வராது என்பது தவறான அச்சம். கைபேசியை எடுத்துவைப்பதும் தேவை: அது ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை, எதிரே ஓர் ஆள் இருந்து கதைக்கும் நேரத்தைத் தின்கிறது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் கூறியது.

இந்த முறைக்குச் சான்று தெற்காசியாவிலேயே உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோரைப் பழக்கினர். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது கூடியது. நிபுணர் குறைந்த ஊருக்குப் பொருந்தும் வழி இதுவே. வன்னியில் இது இன்னும் தனித்தனித் தாய்மாரின் முயற்சியாக நிற்காமல், குடும்பநல உத்தியோகத்தர்களும் முன்பள்ளி ஆசிரியர்களும் கற்கும் பாடமாக வேண்டும்.

ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. குணமாக்குவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். கோயிலில் நேர்த்தி வைப்பதாலும் நூல் கட்டுவதாலும் கெடுதி இல்லை, கிளினிக்குப் போவதை அவை பிற்போடாதவரை.

உரிமைகள்

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளைக் கல்வியில் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. 2016 இல் இலங்கை ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் ஏற்றுறுதி செய்தது. வறிய குடும்பங்கள் அரச கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். நோயறிதலுக்கோ பயிற்சிக்கோ போகும் பெற்றோர் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோக வேண்டும். வந்த சொற்கள், மறைந்த சொற்கள், அவை நேர்ந்த மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனுள் வைத்திருப்பது வைத்தியருக்குப் பெரிதும் உதவும்.